செட்டியார் தெரு: பெயரும் முகப்பும்

கொழும்பிலே தங்கத்தின் விலையை அறிவிக்கும் நாளேடுகள் இன்றும் செட்டியார் தெருவையே ஆதாரமாகக் கொள்கின்றன. புறக்கோட்டையையும் கொட்டாஞ்சேனையையும் அணைத்துச் செல்லும் இக்குறுகிய தெருவுக்கு மும்மொழிகளிலும் பெயருண்டு. ஆங்கிலத்தில் கடற்றெரு எனப் பொருள்படும் ‘சீ ஸ்றீட்’. சிங்களத்தில் ‘ஹெட்டி வீதிய’. தமிழிற் செட்டியார் தெரு. ஒன்று இடத்தைச் சுட்டுகின்றது. ஏனைய இரண்டும் பணமுடையோரைச் சுட்டுகின்றன. இத்தெருவில் உழைத்தவன் மூன்றிலும் இல்லை. இதனைத் தற்செயலென நாம் கருதவில்லை.

1875 இல் அடிக்கல் நாட்டப்பெற்ற அலைதடுப்பு அணை கொழும்பைத் தோட்டப் பொருளாதாரத்தின் தலைவாயிலாக்கியது. காலித் துறைமுகம் பின்தள்ளப்பட்டது. பிரித்தானிய வங்கிகளோ உள்ளூர் வணிகருக்கு நேரே கடன் கொடுக்கத் தயங்கின. அவ்வங்கிகளிடம் பெற்ற பணத்தை நாட்டுக்கோட்டைச் செட்டிமார் கூடிய வட்டிக்கு வெளியே கொடுத்தனர். 1925 இன் நெருக்கடியில் வங்கிகள் அவர்களைக் கைவிட்டன. 1934 இல் வங்கி விசாரணைக் குழு அமைந்தது. 1939 இல் இலங்கை வங்கி தோன்றியது. இவ்வரலாற்றை நோக்குங்கால், ‘வட்டிக்காரச் செட்டி’ என்னும் கேலியுரு எதனை மறைத்ததென்பது புலனாகும். வெறுப்பு முழுவதும் கடைவாயிலில் இருந்தவன்மீது விழுந்தது. அவனுக்குப் பின்னால் நின்ற வங்கி மரியாதைக்குரிய நிறுவனமாகவே விளங்கியது.

இத்தெருவின் கட்டடங்களும் இதே முறையில் மறைக்கவல்லவை. முகப்பு ஒடுங்கியது, உட்புறமோ ஆழமானது. தெருவைப் பார்த்த ஒவ்வோர் அடியும் விலைமதிப்புடையது. ஆதலால் அது விற்பனைக்கு. கண்ணாடிப் பேழைகளும் விளக்கொளியும் அங்கேயே. பின்னறைகளும் மேன்மாடிகளும் பட்டறைக்கு உரியன. ஊதுகுழலுடன் குனிந்திருக்கும் பொற்கொல்லனை நகை வாங்குபவர் காண்பதில்லை. பட்டறையிற் கூட்டிய தூசியைக்கூட அரித்துப் பொன்னெடுக்கும் தொழில் இது. அத்தூசிக்குக் கிடைக்கும் கவனம் அதனுள் அமர்ந்திருப்பவனின் கண்ணுக்கும் நுரையீரலுக்கும் கிடைத்ததா? பழைய, புதிய கதிரேசன் கோயில்களின் சிற்ப அழகை வியந்து எழுதுவோர் பலர். வியக்கத்தக்கனவே அவை. ஆயினும் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும் கண், எதிரேயுள்ள மேன்மாடிச் சன்னலைத் தவறவிடுதல் எளிது.

1983 யூலையிற் புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் தமிழர் கடைகள் எரிக்கப்பட்டன. கடையுரிமையாளரின் இழப்பைச் சரக்கின் விலைகொண்டேனும் அளக்கலாம். அக்கடைகளில் நாட்கூலி பெற்றவரின் இழப்பை எக்கணக்கேட்டில் எழுதுவது?

இங்கு எம்மையும் நாம் விமர்சிக்க வேண்டியுள்ளது. ‘மண்வாசனை’ பற்றி விவாதித்த முற்போக்கு விமர்சனம் யாழ்ப்பாணத்தையும் மட்டக்களப்பையும் மலையகத்தையும் மண்ணாகக் கண்டது. கொழும்போ பிழைக்க வந்து திரும்பும் இடமாகவே பெரும்பாலும் கருதப்பட்டது. தார் பூசிய தெருவுக்கு மண்ணில்லை என்று நினைத்தோம் போலும்! ஆனால், தனக்கெனச் சொல்வழக்கையே ஆக்கிக்கொண்ட சூழல் அது. தமிழகக் கிராமத்தில் ‘நாட்டாமை’ ஊர்த்தலைவன். புறக்கோட்டையிலோ அச்சொல் மூட்டை சுமந்து வண்டியிழுக்கும் தொழிலாளியைக் குறிக்கும். அதிகாரத்தின் பெயர் சுமப்பவன் தோளில் வந்தமர்ந்துள்ளது. கொழும்புக் கதையொன்றில் ஓர் எழுத்தாளர் அச்சொல்லை அவ்வாறே கையாண்டால், அகராதியுடன் அமர்ந்திருக்கும் எம் விமர்சகர் அதனைப் பிழையெனத் திருத்திவிடவுங் கூடும்.