அவியலில் ஆடிய பாம்பு: ஒரு ராக் இசைக்குழுவைப் பற்றிச் சில எண்ணங்கள்

மலர்க்குழு அன்பர்கள் ஆண்டுதோறும் என்னிடம் சிந்தாமணி, நீலகேசி, நாலடியார் என்று ஏதாவது ஒன்றைப் பற்றி எழுதச் சொல்வது வழக்கம். கடை சாத்திய பிறகு உட்கார்ந்து நானும் எழுதிக் கொடுத்துவிடுவேன். இந்தத் தடவை, 'அவியலைப் பற்றி எழுதுகிறேன்' என்றேன். 'என்ன நயினாரே, சமையல் குறிப்பா?' என்று சிரித்தார்கள். சமையல் இல்லை. அது நம் திருவனந்தபுரத்தில் 2003-இல் தோன்றி, மலையாளத்திலே ராக் இசை பாடிய குழுவின் பெயர். அறுபது வயதைத் தாண்டிய பாத்திர வியாபாரிக்கும் ராக் இசைக்கும் என்ன சம்பந்தம் என்று அன்பர்கள் கேட்கலாம். அந்தச் சம்பந்தத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

இரைச்சல் என்று சொன்ன நாள்

என் தகப்பனார் வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து இங்கே வந்து, சாலைக் கடைத்தெருவில் பித்தளைப் பாத்திரக் கடை வைத்தார். குடியிருப்பு ஸ்ரீவராகத்தில். குளக்கரைக் காற்று, பக்கத்தில் கோட்டை, நவராத்திரி வந்தால் மண்டபத்துக் கச்சேரி. அந்த மண்டபத்தில் கைதட்டக்கூட மாட்டார்கள். கேட்டு, மனத்துக்குள் வைத்துக்கொண்டு எழுந்து வருவார்கள். அப்படிக் கேட்டுப் பழகிய காது என் காது.

2008-இல், இன்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்த என் மகன் ஒரு சி.டி. வாங்கி வந்தான். 'அவியல்' குழுவின் முதல் தொகுப்பு. மேலே இருந்த அறையிலிருந்து கிதாரும் டிரம்மும் வீட்டையே அதிர வைத்தன. 'டேய், என்ன இரைச்சல் இது? நிறுத்து' என்று கத்தினேன். அவன் கீழே இறங்கி வந்து, 'அப்பா, நீங்க ஒரு பாட்டாவது முழுசாக் கேட்டீங்களா?' என்றான். 'கேட்கிறதுக்கு என்ன இருக்கு?' என்றேன். 'உங்க சங்கக் கூட்டத்துக்கு முப்பது வயசுக்குக் கீழே எத்தனை பேர் வர்றாங்கப்பா?' என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டான். அதன் பிறகு அந்த வீட்டில் அந்த சி.டி. ஒலிக்கவில்லை. காதுக்குள் ஒயர் வைத்துக்கொண்டு கேட்டான் போலும்.

ஆறேழு ஆண்டு கழித்து, கடையில் வேலை பார்த்த மலையாளப் பையன் ஒருவன் தன் போனில் ஒரு பாட்டைப் போட்டான். கணக்கு எழுதிக்கொண்டிருந்த நான் பேனாவை வைத்துவிட்டேன். அவர்கள் பாடியது 'ஆடு பாம்பே'. பாம்பாட்டிச் சித்தரைப் படித்தவன் அந்த இரண்டு சொல்லைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? அன்று தொடங்கிய தேடலே இக்கட்டுரை.

சிலம்பு சொல்லும் குழு

இசைக்குழு என்பது மேல்நாட்டார் கண்டுபிடிப்பு என்று நாம் நினைக்கிறோம். சேர நாட்டு இளங்கோவடிகள் அரங்கேற்று காதையில் மாதவிக்குப் பின்னால் ஒரு முழுக் குழுவையே நிறுத்தியிருக்கிறார். ஆடலாசிரியன், இசையாசிரியன், இயற்புலவன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனி இலக்கணம் உண்டு. அதில் எனக்கு மிகப் பிடித்தது தண்ணுமை ஆசிரியனுக்குச் சொன்னது. மற்றக் கருவிகளில் எங்கே குறைகிறதோ அங்கே நிரப்ப வேண்டும். எங்கே மிகுகிறதோ அங்கே அடக்க வேண்டும். தான் மட்டும் மேலோங்கக் கூடாது. கூட்டு வியாபாரம் செய்தவர்களுக்கு இந்த இலக்கணத்தின் அருமை உடனே புரியும்.

அறுபது ஆண்டு நின்ற குழு

ராக் குழுக்களில் நெடுங்காலம் நின்றது எது என்று மகனிடமே கேட்டேன். இங்கிலாந்தின் 'ரோலிங் ஸ்டோன்ஸ்' என்றான். விவரங்களைத் தேடிப் படித்தேன். 1962 ஜூலை 12 அன்று லண்டன் மார்க்கீ கிளப்பில் முதல் நிகழ்ச்சி. மிக் ஜாகர், கீத் ரிச்சர்ட்ஸ் இருவரும் சிறு வயதுத் தோழர்கள். பிரிந்திருந்தவர்கள் 1961-இல் ரயில் நிலையத்தில் மறுபடி சந்தித்தபோது, ஜாகர் கையில் சக் பெர்ரி, மட்டி வாட்டர்ஸ் என்ற அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களின் இசைத்தட்டுகள் இருந்தன. குழுவின் பெயரே மட்டி வாட்டர்ஸின் பாட்டிலிருந்து எடுத்ததுதான். தொடக்கத்தில் பெரும்பாலும் பிறர் பாட்டுகளையே பாடினார்கள். பிறகு தாமே எழுதினார்கள். எழுதியதை இருவர் பெயரிலும் போட்டார்கள்.

இந்தக் குழு அடிதடி இல்லாமல் வளர்ந்தது என்று எண்ண வேண்டாம். குழுவைத் தொடங்கிய பிரையன் ஜோன்ஸ் 1969-இல் வெளியேற்றப்பட்டார். ஒரு மாதத்துக்குள் இறந்தும் போனார். பியானோ வாசித்த இயன் ஸ்டூவர்ட்டை 1963-இலேயே மேடை வரிசையிலிருந்து நீக்கினார்கள். அவரோ மனம் கசக்காமல், வண்டி வாகனம் பார்ப்பது, பின்னாலிருந்து வாசிப்பது என்று 1985-இல் இறக்கும்வரை கூடவே இருந்தார். டிரம் வாசித்த சார்லி வாட்ஸ் 1963 முதல் 2021-இல் காலமாகும்வரை 58 ஆண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தார். அளவாகத்தான் அடிப்பார். சிலம்பு சொன்ன தண்ணுமை ஆசிரியன் அவர்தான் என்று எனக்குப் பட்டது.

2003 ஏப்ரலில் இவர்கள் பெங்களூரிலும் மும்பையிலும் வந்து பாடினார்கள். நம் அவியல் தோன்றியதும் அதே ஆண்டு. 2023-இல் ஸ்டோன்ஸ் வெளியிட்ட 'ஹாக்னி டைமண்ட்ஸ்' தொகுப்பின் கடைசிப் பாட்டு எது தெரியுமா? தங்களுக்குப் பெயர் கொடுத்த அதே மட்டி வாட்டர்ஸ் பாட்டு. எண்பது வயதை எட்டிய ஜாகரும் ரிச்சர்ட்ஸும் மட்டும் அதைப் பாடி வாசித்திருக்கிறார்கள். அறுபத்தோரு வருடம் கழித்து முதல் வரவை எடுத்துப் பார்ப்பது போல. நல்ல கணக்குப்பிள்ளை செய்கிற காரியம்.

எட்டுப் பாட்டுகள்

இனி நம் ஊர்க் குழுவுக்கு வருவோம். டோனி ஜான், ரெக்ஸ் விஜயன், ஆனந்தராஜ் பெஞ்சமின் பால், மிதுன் முதலானோர் சேர்ந்த கூட்டம் இது. அதற்கு முன் நம் நாட்டு ராக் குழுக்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்திலேயே பாடின. கொச்சியின் '13 ஏ.டி.' ஒரு தலைமுறைக்கு முன்பே பேர் வாங்கிய குழு, அவர்களும் ஆங்கிலம்தான். லண்டன் இசை, ஆகவே லண்டன் மொழி என்று எல்லாரும் இருந்தபோது, இவர்கள் நாட்டுப்பாட்டின் சொல்லையும் சந்தத்தையும் எடுத்து கிதார் மேல் ஏற்றினார்கள்.

2008 தொகுப்பில் எட்டுப் பாட்டு. பாட்டுகளின் பெயரைப் பாருங்கள்: 'நட நட', 'எட்டாம் பாட்டு', 'ஆடு பாம்பே'. இவற்றைத் தமிழ் என்பதா, மலையாளம் என்பதா? 'ஞான் ஆரா' என்பது நமக்கு 'நான் யார்'. ஒரு தாய் வயிற்றுச் சொற்கள். ஐம்பது அறுபது வருடமாக இந்த ஊரில் இருந்துகொண்டு, பக்கத்து வீட்டு மொழியை வியாபாரத்துக்கு மட்டும் பேசுகிற நம்மவர்களுக்கு இது ஒரு பாடம்.

பெயர்ப் பொருத்தமும் உண்டு. எங்கள் அம்மா வைக்கும் அவியலில் சேனையும் காரட்டும் இராது. மண்ணுக்கடியில் விளைவதை அவர் சேர்ப்பதில்லை. ஆனாலும் அது அவியல்தான். முருங்கைக்காய் முருங்கைக்காயாகவே இருக்கும், வாழைக்காய் வாழைக்காயாகவே இருக்கும். தேங்காயும் தயிரும் அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும். குழைந்துவிட்டால் அது கூழ். இந்தக் குழுவின் நல்ல பாட்டுகளில் கிதார் கிதாராகவே இருக்கிறது, நாட்டுச் சந்தம் சந்தமாகவே இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது மொழி. 'நட நட'வில் இது மிகத் தெளிவு. காலடி போல விழும் அந்தச் சொற்களை ஆங்கிலத்தில் மாற்றிப் போட்டால் பாட்டே கிடையாது.

பாம்பு வந்த வழி

'ஆடு பாம்பே' பாட்டின் சொற்கள் ஸ்ரீ நாராயண குருவின் குண்டலினிப் பாட்டிலிருந்து எடுத்தவை. குரு பிறந்த செம்பழந்தி நம் நகரத்தை ஒட்டிய ஊர். தமிழ் நன்கு கற்றவர். தமிழிலேயே தேவாரப் பதிகங்கள் பாடியவர். திருக்குறளில் ஒரு பகுதியையும் ஒழிவிலொடுக்கத்தையும் மலையாளத்துக்குக் கொண்டு வந்தவர். அவருக்கு யோகம் கற்பித்தவர்களில் ஒருவரான தைக்காடு அய்யா தமிழர். இங்கே ரெசிடென்சியில் வேலை பார்த்தவர். 1888-இல் அருவிப்புறத்தில் சிவலிங்கம் நிறுவுவதற்கு முன், கன்னியாகுமரிப் பக்கம் மருந்துவாழ் மலைக் குகையில் குரு தவம் இருந்தார் என்பதும் தெரிந்ததே.

அப்படிப்பட்டவர் பாம்பை அழைத்து ஆடச் சொல்லும்போது, அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது? மருதமலையோடு சேர்த்துப் பேசப்படும் பாம்பாட்டிச் சித்தரிடமிருந்து. சித்தர் பாட்டுத்தோறும் முடிவில் நிற்பது இந்த அழைப்பே. தெருவில் மகுடி ஊதுகிறவன் சொல்வது போன்ற பேச்சு. உள்ளே கிடப்பதோ மூலாதாரத்துச் சக்தி. சித்தர் தமிழில் வைத்ததைக் குரு மலையாளத்தில் எடுத்துப் பாடினார். 1928-இல் குரு மறைந்தார். அதற்கு எண்பது ஆண்டு கழித்து, அவர் பிறந்த ஊரின் அருகிலேயே சில இளைஞர்கள் அதற்கு கிதார் பூட்டினார்கள். மருதமலையிலிருந்து செம்பழந்திக்கு, செம்பழந்தியிலிருந்து என் மகனின் மேல்மாடி அறைக்கு அந்தப் பாம்பு ஊர்ந்து வந்திருக்கிறது. வாசலில் நின்று தடி எடுத்தவன் நான்!

இன்னொன்றும் சொல்லலாம். இந்த மண்ணில் பாம்பு யாருக்கும் அன்னியமில்லை. சர்ப்பக்காவுகளில் புள்ளுவர் குடமும் வீணையும் வைத்துப் பாடுகிறார்கள். நாகர்கோவில் நாகராசர் கோயில் தூண்களில் எங்கள் பார்சுவநாதர் படமெடுத்த நாகத்தின் கீழ் நிற்பதை இன்றும் காணலாம். சைவச் சித்தர், ஈழவர் குலத்தில் வந்த குரு, புள்ளுவர், சமணர் என்று எல்லார் வீட்டிலும் இருந்த பாம்பு அது.

குறை சொல்லாமல் விடலாமா?

விமரிசனம் என்றால் குறையும் சொல்ல வேண்டும். முதற்குறை, பல இடங்களில் சொல் கேட்பதில்லை. கருவிகள் மேலே ஏறிவிடுகின்றன. சிலம்பு சொன்ன 'மிகையை அடக்கும்' வேலை இங்கே போதாது. குரு எழுதிய சொல்லைப் பாடுகிறவர்கள் அது காதில் விழும்படி பாட வேண்டாமா?

இரண்டாவது, பாம்பு ஆடுவது பாட்டின் பாதி. ஆடிய பாம்பு அடங்குவது மறுபாதி. சித்தரும் குருவும் ஆட்டம் கண்டு நின்றவர்கள் அல்லர். இவர்களின் இசையில் ஆட்டம் உண்டு, அடக்கம் இல்லை. இளைஞர்கள்தானே என்று விடலாம். ஆனாலும் குறை குறைதான்.

மூன்றாவது, ஒரு வியாபாரியின் குறை. இருபது ஆண்டுக்கு மேற்பட்ட பெயருக்கு, மக்கள் மனத்தில் நிற்கும் முழுத் தொகுப்பு ஒன்றே. ஸ்டோன்ஸ் குழுவினர் இருபதுக்கு மேல் வெளியிட்டார்கள். முதல் தொகுப்பில் பாடிய ஆனந்தராஜ் பிரிந்தார். பாடும் பொறுப்பை டோனி ஜான் ஏற்றார். ரெக்ஸ் விஜயன் திரைப்படங்களுக்கு இசையமைக்கப் போனார். 2011-இல் 'சால்ட் அண்ட் பெப்பர்' படத்தில் குழுவின் 'ஆனக்கள்ளன்' ஒலித்தது. நம் நாட்டில் இசைக்குழு என்பது சினிமாவுக்குப் போகிற படிக்கட்டாகவே இருந்து வந்திருக்கிறது. பாவலர் வரதராசன் சகோதரர்களின் மேடைக்குழுவிலிருந்து இளையராஜா 1976-இல் 'அன்னக்கிளி'க்குப் போனது நமக்குப் பெரும்பேறு. ஆனால் குழு என்ற ஒன்று நமக்குத் தங்கவில்லை. சரக்கு நன்றாக இருந்தும் கடை நிலைக்காததற்கு, வாடிக்கையாளர் எல்லாரும் ஒரே பெரிய கடைக்குப் போவதே காரணம். பழியில் கேட்கிற நமக்கும் பங்கு உண்டு.

நமக்கு என்ன?

என் மகன் இப்போது பெங்களூரில் இருக்கிறான். பேத்திக்கு ஏழு வயது. தமிழ் பேசுவாள், படிக்க வராது. போன விடுமுறையில் வந்தபோது அவளுக்கு 'ஆடு பாம்பே' போட்டுக் காட்டினேன். துள்ளிக் குதித்தாள். பிறகு சித்தர் பாடல் புத்தகத்தை எடுத்து அதே இரண்டு சொல்லை விரல் வைத்துக் காட்டினேன். எழுத்துக் கூட்டிப் படித்தாள். அவள் தமிழில் தானாகப் படித்த முதல் சொற்கள் அவைதாம். மகன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். '2008-லேயே கேட்டிருக்கலாம்ப்பா' என்றான். 'தப்புத்தான்' என்றேன். அதை அவனிடம் நேரில் சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆயிற்று.

சென்னையில் 2018 ஜனவரியில் 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற குழு கானாவையும் ராக்கையும் சேர்த்து மேடை ஏறியது. ஆகவே தமிழில் முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. வெளிமாநிலத்துச் சங்கங்களான நாம் என்ன செய்கிறோம்? ஆண்டுவிழாவில் பிள்ளைகள் சினிமாப் பாட்டுக்கு ஆடுகிறார்கள். நாம் அது முடிந்ததும் தமிழ் அழிகிறது என்று பேசுகிறோம்.

என் வேண்டுகோள் ஒன்றே. அடுத்த ஆண்டுவிழாவில் ஒரு மணி நேரத்தைப் பிள்ளைகளிடம் விடுங்கள். சித்தர் பாட்டோ, ஆண்டாளோ, சிலப்பதிகாரத்து வரிப்பாட்டோ அவர்களுக்குப் பிடித்ததை எடுத்து, அவர்களுக்குப் பிடித்த கருவியில், அவர்களுக்குத் தோன்றியபடி பாடட்டும். சொல் மட்டும் பிழையில்லாமல் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சொல்லைத் திருத்திக் கொடுக்க நான் வருகிறேன். பெரியவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து முழுப் பாட்டையும் கேட்க வேண்டும். நடுவில் எழுந்து 'இரைச்சல்' என்று சொல்லக் கூடாது. அந்தி சாய்ந்த பிறகு நான் உண்பதில்லை; அன்றைக்கு மாலையே சாப்பிட்டுவிட்டு முதல் ஆளாக வந்து உட்காருவேன்.

முறையாகக் கல்லூரியில் கற்றவனல்லன். என் சிற்றறிவுக்கு எட்டியதை எழுதினேன். குறை இருப்பின் அன்பர்கள் பொறுத்தருள்க.