நீல வெளிச்சம் சொல்லும் தீர்ப்பு

இரைப்பையின் உட்சுவரில் லேசாகச் சிவந்து குழிந்த ஒரு சின்னத் திட்டு. வெறும் அழற்சியா, ஆரம்பநிலைப் புற்றா? எண்டோஸ்கோபியின் வழக்கமான வெள்ளை ஒளியில் கைதேர்ந்த மருத்துவரும் தடுமாறும் இடம் இது. ஒரு சென்டிமீட்டரைத் தாண்டாத இத்தகைய குழிவுகளை மட்டும் ஆராய்ந்து, 2011-இல் ஜப்பானிய மருத்துவர்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். புற்றைப் புற்றென்று வெள்ளை ஒளி இனங்கண்டது 40 சதவீதம்தான். வெள்ளை ஒளியோடு குறும்பட்டை ஒளியும் உருப்பெருக்கமும் சேர்ந்ததும் அது 95 சதவீதமானது.

சூட்சுமம் எளியது. குறும்பட்டை ஒளி என்பது 415, 540 நானோமீட்டர் அலைநீளங்களை ஒட்டிய நீல, பச்சை ஒளி; அதை ஹீமோகுளோபின் நன்றாக உறிஞ்சும். அதனால் சளிச்சவ்வின் நுண்குழாய்கள் கருத்துத் துலங்குகின்றன. ஃபுகுவோகாவின் கென்ஷி யாவோ வகுத்த முறை இரண்டே கேள்விகளில் அடங்கும். திட்டுக்கும் சுற்றுப்புறத்துக்கும் இடையே தெளிவான எல்லைக்கோடு உண்டா? உண்டென்றால், அதற்குள் குழாய்களோ மேற்பரப்பு அமைப்போ ஒழுங்கு குலைந்திருக்கின்றனவா? கோடே இல்லையென்றால் பெரும்பாலும் தீங்கற்றது. 2016-இல் ஜப்பானியச் சங்கங்கள் ஏற்ற வழிமுறையும் இதுவே. யார் பார்த்தாலும் ஒரே வரிசையில் யோசிக்க வைப்பதுதான் இதன் பெரிய பலம் என்பேன்.

ஆனால் இந்த வெளிச்சம், ஏற்கெனவே கண்ணில் பட்டதைப் பற்றித்தான் தீர்ப்புச் சொல்லும். கண்டுபிடிக்கும் வேலையில் அவ்வளவு சூரத்தனம் இல்லை. புற்று அபாயம் மிகுந்த 4,500-க்கும் மேற்பட்டோரிடம் ஜப்பானில் நடந்த சீரற்ற ஒப்பீட்டு ஆய்வில், ஆரம்பநிலைப் புற்று அகப்பட்டது வெள்ளை ஒளியில் 1.9 சதவீதம், மேம்பட்ட குறும்பட்டை ஒளியில் 2.3 சதவீதம். புள்ளியியல் கணக்கில் இது வித்தியாசமே அல்ல. கருவி விற்பவர்களின் விளம்பரத் தாள்கள் இந்த இரண்டு வேலைகளையும் ஒன்றாகக் குழப்புவது எரிச்சலூட்டுகிறது.

செய்முறையிலும் தொல்லை உண்டு. சளியும் நுரையும் படிந்திருந்தால் எதுவும் தெரியாது. நோயாளிக்கு முன்கூட்டியே மருந்துநீர் கொடுத்துக் கழுவ வேண்டும். குழாயின் நுனியில் கறுப்பு உறை மாட்டி, சுவரிலிருந்து சுமார் இரண்டு மில்லிமீட்டரில் அசையாமல் நிறுத்த வேண்டும். நுனி உரசிக் கொஞ்சம் ரத்தம் கசிந்தாலும் பார்வை கெடும். வெளிநோயாளிகள் வரிசைகட்டி நிற்கும் காலைப் பொழுதில் இதற்கெல்லாம் நேரம் எங்கே?

உயிரணுக்கள் சிதறிப் பரவும் வகைப் புற்று, இயல்பான மேல்தோலுக்கு அடியில் ஒளிந்திருக்கக்கூடும். அப்போது எல்லைக்கோடே தென்படாது. ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியை ஒழித்த பிறகு தோன்றும் புற்றின் மேல்பரப்பும் சில நேரம் சாதுவான அழற்சிபோலவே காட்டும். கோடில்லை என்ற ஒரே காரணத்துக்காக பயாப்சியைக் கைவிடுவது இந்த இரண்டிலும் ஆபத்து.

பயாப்சியும் பிழையற்ற அளவுகோல் அல்ல. ஊசிமுனையளவு சதையில் புற்று தப்பிவிடலாம். பயாப்சியில் சாதாரண அடினோமா என வந்த கட்டியை முழுதாக வெட்டியெடுத்தபின் புற்றெனத் தெரிந்ததும் உண்டு. போதாததற்கு, ஜப்பானிய நோய்க்குறியியலாளர்கள் புற்றென்று எழுதும் சில மாதிரிகளை மேலைநாட்டவர் புற்றுக்கு முந்தைய மாற்றமாகவே வகைப்படுத்துவதை 1997-இல் 'லான்செட்' இதழில் வந்த ஒப்பீடு காட்டியது. இந்தப் பிளவைக் குறைக்கவே 2000-இல் வியன்னா வகைப்பாடு வந்தது. 95 சதவீதம் என்ற கணக்கும் ஜப்பானியக் கண்ணாடி வழியே போட்டதுதான்.