நேரம் தெரியாத பெட்டி

பழவேற்காட்டின் பழைய பள்ளிவாசல் ஒன்றில் சூரியக் கடிகாரம் இருக்கிறது. தொழுகைக்குரிய நேரத்தை நிழலைக் கொண்டு அறிவதற்காக அமைக்கப்பட்டது. நம் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டால் அது தவறான நேரம் காட்டுவதாகவே தோன்றும். இந்தியத் திட்ட நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. பழவேற்காடோ ஏறத்தாழ 80.3 பாகையில் இருக்கிறது. பாகைக்கு 4 நிமிட வீதம் கணக்கிட்டால் 9 நிமிடம் பிந்துகிறது. பூமியின் அச்சுச் சாய்வாலும் நீள்வட்டப் பாதையாலும் வரும் வேறுபாட்டையும் சேர்த்துக் கொண்டால், பிப்ரவரி நடுவில் நிழல் உச்சிவேளையைக் காட்டும்போது கைக்கடிகாரத்தில் மணி 12-23 ஆகியிருக்கும். நவம்பர் தொடக்கத்திலோ 11-52தான். ஆயினும் இதைப் பிழை என்று சொல்வது பொருந்தாது. எந்த நாளில் எத்தனை நிமிடம் என்பது முன்கூட்டியே தெரியும். கூட்டிக் கழித்துக் கொள்ளலாம். நீரேற்றம் நாள்தோறும் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தி வருவதைக் கடலோரத்தார் யாரும் குறையாகச் சொல்வதில்லை அல்லவா? மேலும், வானத்தை மேகம் மூடிக்கொண்டால் சூரியக் கடிகாரம் ஒன்றும் சொல்லாது. தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக் கொள்வதில்லை.

இந்தக் குணத்தை அளவுகோலாக வைத்துக் கொண்டு, இன்று வீடுகளுக்கு இணையத்தைக் கொண்டு வரும் ரூட்டர் என்னும் பெட்டியைச் சற்று மதிப்பிட்டுப் பார்ப்போம்.

ரூட்டருக்குள் ஒரு குவார்ட்ஸ் படிகம் வினாடிக்குப் பல கோடி முறை அதிர்கிறது. அந்த அதிர்வுகளை எண்ணித்தான் பெட்டி நேரத்தைக் கணிக்கிறது. மலிவான படிகத்தில் பத்து லட்சத்துக்கு 20 பங்கு பிழை இருப்பது இயல்பு. ஒரு நாளின் 86,400 வினாடிகளில் இது 1.7 வினாடி, மாதத்தில் ஏறத்தாழ 50 வினாடி. ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் பகலெல்லாம் காய்ந்து இரவில் குளிரும் பெட்டியில் இது கூடவும் குறையவும் செய்யும். இதற்காக உற்பத்தியாளரைக் குறை கூறுவது நியாயமன்று. செய்திகளை அனுப்பவும் பெறவும் இவ்வளவு துல்லியம் போதும். ஈதர்நெட் விதிமுறையே பத்து லட்சத்துக்கு 100 பங்கு வரை பிழையை ஏற்றுக் கொள்கிறது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. வீட்டு ரூட்டர்களில் பெரும்பாலானவற்றுக்குக் கடிகார மின்கலம் கிடையாது. மின்சாரம் நின்றால் நேரமும் போயிற்று. மீண்டும் உயிர் பெறும்போது, பல ரூட்டர்கள் 1970 ஜனவரி 1 என்று தொடங்குகின்றன. கணினி உலகில் காலத்தை எண்ணத் தொடங்கும் நாள் அதுதான். புயல் மழைக் காலத்தில் அடிக்கடி மின்சாரம் நிற்கும் கடலோரக் குப்பங்களில் இது எத்தனை முறை நிகழும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இரவில் ரூட்டரை அணைத்து வைக்கும் சிக்கனமான வீடுகளிலோ இது அன்றாட நிகழ்ச்சி.

இழந்த நேரத்தை இணையத்திலிருந்து கேட்டுப் பெற வேண்டும். அதற்கான முறையை டேவிட் மில்ஸ் 1985இல் வெளியிட்டார். கேள்வி போய்ப் பதில் வர ஆகும் நேரத்தை அளந்து, அதில் பாதியைப் பயணத்துக்கு ஒதுக்கி, எஞ்சியதைத் திருத்தமாகக் கொள்ளும் முறை அது. மிக அழகிய ஏற்பாடு. ஆனால் அதைக் கையாண்ட சிலரிடம் அழகு குறைவு. 2003இல் நெட்கியர் நிறுவனத்தின் ரூட்டர்கள் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக் கழகத்துக் கடிகாரக் கணினி ஒன்றின் முகவரியை உள்ளேயே பதித்துக் கொண்டு, பதில் வராவிட்டால் வினாடிக்கொரு முறை திரும்பத் திரும்பக் கேட்டன. உலகெங்கிலுமிருந்து வந்த கேள்விகள் வெள்ளமாய்ப் பெருகி அந்தப் பல்கலைக் கழகத்தைத் திணறடித்தன. மணி கேட்பதற்காக ஒருவர் வீட்டுக் கதவை ஊரே கூடித் தட்டுவது போன்றது இது.

உங்கள் ரூட்டரின் நேரம் தவறாக இருந்தால், முதலில் எவ்வளவு தவறு என்று பாருங்கள். சரியாக 5½ மணி நேரம் பின்தங்கியிருந்தால் கிரீனிச் நேரத்தில் ஓடுகிறது. நேர மண்டலத்தை மாற்றினால் போதும். சரியாக ஒரு மணி நேரம் முந்தியிருந்தால் கோடைக்கால நேரம் என்னும் அயல்நாட்டு வழக்கம் இயக்கத்தில் இருக்கக்கூடும், அதை நிறுத்துங்கள். 1970 என்று காட்டினால் நேரம் கேட்கும் வழி அடைபட்டிருக்கிறது. நாளுக்கு ஒன்றிரண்டு வினாடியாக விலகிக் கொண்டே போனால், ஒருமுறை நேரம் பெற்ற பின் மறுபடி கேட்கவில்லை என்று பொருள். இவ்வளவையும் பெட்டியே கண்டுபிடித்துச் சொல்லலாம். ஆனால் சொல்வதில்லை! சரியான நேரம் கிடைத்ததா, எப்போது கிடைத்தது என்ற விவரம் பல ரூட்டர்களில் முதல் பக்கத்தில் இராது. பொய் நேரத்தையும் மெய் நேரத்தையும் ஒரே எழுத்தில், ஒரே உறுதியோடு காட்டுகின்றன.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். பிள்ளைகளின் கைப்பேசிக்கு இரவு 10 மணிக்கு இணையம் நிற்க வேண்டுமென்று தந்தை அமைத்திருக்கிறார். பெட்டி கிரீனிச் நேரத்தில் இருந்தால் விடிகாலை 3-30க்குத்தான் நிற்கும். பாதுகாப்பான தளங்களின் சான்றிதழ்களுக்குக் காலவரையறை உண்டு; தேதி தெரியாத பெட்டியால் அவற்றைச் சோதிக்க இயலாது. சில பெட்டிகள் இதனால் ஒரு விசித்திரமான வட்டத்தில் மாட்டிக் கொள்கின்றன. நேரம் தரும் கணினியின் முகவரியைப் பாதுகாப்பாகத் தேடித் தேதி வேண்டும். தேதியைப் பெற முகவரி வேண்டும். வங்கி மோசடி விசாரணையிலோ நிலைமை இன்னும் கடுமை. ஒரே இணைய முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்து கொள்ளும் இக்காலத்தில், நேரக் குறிப்பில் சில நிமிடப் பிழை விசாரணையை வேறு வீட்டு வாசலுக்கு இட்டுச் செல்லலாம். இணைய சேவை நிறுவனங்கள் தம் கடிகாரங்களைத் தேசிய இயற்பியல் ஆய்வகம் அல்லது தேசியத் தகவலியல் மையத்தின் நேரத்தோடு இணைக்க வேண்டுமென்று 2022 ஏப்ரல் 28இல் செர்ட்-இன் அமைப்பு ஆணையிட்டது இதுபோன்ற தேவைகளுக்காகவே. வீட்டுப் பெட்டியை அந்த ஆணை தொடவில்லை.

ஏரிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2023 மே 29இல் ஏவப்பட்ட என்விஎஸ்-01 செயற்கைக்கோள், நம் நாட்டிலேயே உருவான ரூபிடியம் அணுக்கடிகாரத்தைச் சுமந்து சென்றது. முன்னர் 2013இல் சென்ற ஐஆர்என்எஸ்எஸ்-1ஏ செயற்கைக்கோளில் மூன்று கடிகாரங்களும் பழுதாகிவிட்டன. உடனே இடம் காட்டும் பணிக்கு அது பயன்படாமற் போயிற்று. மாற்றுக் கோள் அனுப்ப வேண்டி வந்தது. இத்தகைய செயற்கைக்கோள்கள் அனுப்பும் செய்தியிலேயே ‘நான் நலம்’ அல்லது ‘என்னை நம்பாதே’ என்று அறிவிக்கும் குறியீடு ஒன்று உண்டு. கோடிக் கணக்கில் செலவழித்துச் செய்த கருவிக்கு இருக்கும் இந்த அடக்கம், சில ஆயிரம் ரூபாய்ப் பெட்டிக்கும் இருக்கலாம். அதற்கு மென்பொருளில் சில வரிகளே போதும். ஓப்பன்-டபிள்யூஆர்டி என்னும் திறந்த மென்பொருள், மின்கலம் இல்லாத பெட்டியிலும், சேமிப்பிலுள்ள கோப்புகளில் மிக அண்மைய தேதியைத் தேடி அங்கிருந்து எண்ணத் தொடங்குகிறது. 1970க்குத் திரும்பிப் போவதில்லை.

மின்கலமும் கைக்கடிகாரப் படிகமும் சேர்த்து வைப்பது இன்னும் நல்லது. அந்தப் படிகமும் 45 பாகை வெப்பத்தில் நாளுக்கு ஒரு வினாடிக்குச் சற்று மேல் பிந்தும். அது தெரிந்த பிழை.