இரும்பின் குரலைத் தணித்தால் போதும்

மைன்லேப் எக்வினாக்ஸ் 800 மெட்டல் டிடெக்டரோடு ஒஹாயோவின் பழைய பூங்காக்களில் இரண்டு பருவம் நாணயம் தேடியிருக்கிறேன். 2018இல் வந்த கருவி, எடை 1.34 கிலோ. புதிதாக வாங்குபவர்கள் முதலில் தேடுவது டிஸ்கிரிமினேஷன் பொத்தானைத்தான். குப்பை என்று பட்ட எண்களையெல்லாம் அடைத்துவிட்டால் வேலை எளிதாகும் என்ற எண்ணம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இன்று ஒன்றைக்கூட அடைப்பதில்லை.

காயில் எனும் கம்பிச்சுருள் மண்ணுக்குள் காந்தப்புலத்தை அனுப்புகிறது. உலோகத்தில் சுழல் மின்னோட்டம் எழுகிறது. அந்த எதிரொலி எவ்வளவு பின்தங்கி வருகிறது என்பதைப் பார்த்துக் கருவி -9 முதல் 40 வரை ஓர் எண் தருகிறது. பூச்சியமும் அதற்குக் கீழும் இரும்பு. ஆனால் எண் உலோகத்தின் பெயரைச் சொல்லாது. கடத்துதிறன், பருமன், வடிவம் மூன்றும் கலந்த அளவு அது. ஐந்து சென்ட் நிக்கல் 12, 13 காட்டும். பானக் கேன்களின் அலுமினிய வளையங்களில் பலவும் அதை ஒட்டியே விழும், சிறிய தங்க மோதிரமும்தான். 1982இல் வந்த துத்தநாகச் சென்ட் 20க்கு அருகே. 1909இல் நின்றுபோன இண்டியன் ஹெட் சென்ட்டுக்கும் அதே வட்டாரம்! துத்தநாகம் வேண்டாமென்று அடைத்தால் நூறாண்டு கடந்த நாணயத்தை மிதித்துக்கொண்டு நடந்துவிடுவோம்.

அதனால் நான் நம்புவது ஒலியை. ஐந்து டோன் முறையில் எல்லைகளை நாமே நகர்த்தலாம். இந்தக் கருவியில் எனக்கு மிகப் பிடித்த வசதி இதுதான். நான் வைத்திருக்கும் எல்லைகள் இவை: 2 வரை இரும்பு ஒலி, மிகத் தாழ்ந்தது. 3 முதல் 11 வரை அலுமினியத் தாள். 12, 13க்கு மட்டும் தனி ஒலி. நிக்கல் அங்கே சட்டென்று காதில் விழும். 14 முதல் 18 வரை வளையங்கள். 19 முதல் மேலே கூர்மையான உச்ச ஒலி. இரும்பின் சத்தத்தை அடைக்காமல் மெல்லிய முணுமுணுப்பாகக் குறைத்து வைத்திருக்கிறேன். ஆணிகள் எங்கே மண்டிக் கிடக்கின்றன என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். பழைய கட்டடம் நின்ற இடம் அப்படித்தான் புலப்படும்.

குறையும் உண்டு. செம்புச் சென்ட்டும் பத்து சென்ட் டைமும் 25ஐச் சுற்றி நெருக்கியடித்து நிற்கின்றன. தோண்டாமல் பிரிக்க முடியாது. பின்னால் வந்த எக்வினாக்ஸ் 900இல் அளவுகோல் -19 முதல் 99 வரை விரிந்திருப்பது நியாயமே.

அயர்ன் பயாஸ் என்ற அமைப்பை மட்டும் பொறுமையாகப் பழக வேண்டும். துருப்பிடித்த வளைந்த ஆணி சில நேரம் வெள்ளியைப் போல் கணீரென்று ஒலிக்கும். பயாஸை உயர்த்தினால் அந்தப் பொய் அடங்கும். கூடவே ஆணிக்குப் பக்கத்தில் கிடக்கும் நாணயமும் அடங்கிவிடும். நான் குறைத்தே வைக்கிறேன். பொய் ஒலிகள் கூடும், பரவாயில்லை. 90 பாகை திரும்பி மறுபடி வீசிப் பார்ப்பேன்.

சென்ற இலையுதிர் காலத்தில் ஓர் ஓக் மரத்தடியில், வடக்கு தெற்காக வீசினால் வெறும் முணுமுணுப்பு. கிழக்கு மேற்காக வீசினால் ஒரு துளி உச்ச ஒலி, 26. ஒரு சாண் ஆழத்துக்குள் ஆணி ஒன்று. அதை ஒட்டி, சற்றும் கறுக்காத மெர்குரி டைம், 90 விழுக்காடு வெள்ளி.