யார் பெயரில் அந்த விசா?

வெளிநாடு போக விரும்புகிறவர்களுக்கான வழிகாட்டி நூல்களும் ஆலோசனைக் கூட்டங்களும் நம் ஊர்களில் பெருகிவிட்டன. எந்த நாட்டுக்கு எத்தனை மதிப்பெண் வேண்டும், ஆங்கிலத் தேர்வில் எவ்வளவு எடுக்க வேண்டும், வங்கியில் எவ்வளவு இருப்புக் காட்ட வேண்டும், எத்தனை ஆண்டில் குடியுரிமை கிடைக்கும் என்றெல்லாம் அட்டவணை போட்டுத் தருகிறார்கள். இவற்றைச் சில காலமாக ஒரு வாசகியாகப் படித்து வருகிறேன். இவை பேசும் 'விண்ணப்பதாரர்' பெரும்பாலும் ஓர் ஆண். கடைசிப் பத்தியில் 'மனைவி, குழந்தைகளையும் அழைத்துச் செல்லலாம்' என்று ஒரு வரி இருக்கும். பெண்கள் ஆயுளில் பத்து, பதினைந்து ஆண்டுகளைக் கழிப்பது அந்த ஒரு வரிக்குள்தான். அந்த வரியைத்தான் இங்கே நிதானமாக வாசிக்க விரும்புகிறேன்.

'டிபெண்டன்ட்' என்ற சொல்லிலிருந்து தொடங்கலாம். 'அவ டிபெண்டன்ட் விசாவுல போயிருக்கா' என்று நம் வீடுகளில் வெகு இயல்பாகச் சொல்கிறோம். பொறியியல் படித்தவள், சென்னையில் ஐந்தாண்டு வேலை பார்த்தவள், தம்பியின் படிப்புக்குப் பணம் கட்டியவள், விமானம் தரையிறங்கியதும் 'சார்ந்திருப்பவள்' ஆகிவிடுகிறாள். ஏற்கெனவே உள்ள ஒரு நிலையைக் குறிப்பதுபோல இந்தச் சொல் தோன்றுகிறது. நடப்பது தலைகீழ். கணவனைச் சார்ந்திருப்பதால் அவளுக்கு இந்த விசா கிடைக்கவில்லை. இந்த விசா கிடைத்ததால்தான் அவள் சார்ந்திருக்க வேண்டியதாகிறது.

நமக்கு மிகவும் பழக்கமான எச்-4 விசாவை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க நிறுவனங்கள் எச்-1பி விசாவில் ஆண்டுக்கு 65,000 பேரையும், அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் முதுகலை முடித்த மேலும் 20,000 பேரையும் வேலைக்கு எடுக்கலாம். அவர்களின் கணவன் அல்லது மனைவிக்கும் 21 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் எச்-4. இந்த விசாவில் இருப்பவர் அங்கே வாழலாம், படிக்கலாம், ஆனால் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. வேலை அனுமதி இல்லாதவருக்குச் சமூகப் பாதுகாப்பு எண் பொதுவாகக் கிடைக்காது. அந்த எண் இல்லாமல் கடன் வரலாறு உருவாவதும் தன் பெயரில் வீடு வாடகைக்கு எடுப்பதும் கடினம்.

இது தவிர்க்க முடியாத நிர்வாக விதி என்று நினைக்க வேண்டாம். ஒரே நிறுவனத்துக்குள் இடமாற்றமாகி வருகிறவருக்கு எல்-1 விசா. அவருடைய மனைவிக்கு எல்-2. அந்த மனைவிகள் வேலை பார்க்க 2002இலேயே அமெரிக்க நாடாளுமன்றம் அனுமதி கொடுத்துவிட்டது. எச்-4 மனைவிகள் 2015 மே மாதம் வரை காத்திருந்தார்கள். அப்போதும் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. கணவனின் நிறுவனம் அவனுடைய நிரந்தரக் குடியிருப்புக்காக ஐ-140 என்ற மனுவைப் போட்டு அது ஏற்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது அந்த நடைமுறையின் காரணமாக அவனுடைய விசா ஆறாண்டு வரம்பைத் தாண்டி நீட்டிக்கப்பட்டிருக்க வேண்டும். அவளுடைய பட்டமும் அனுபவமும் இந்த நிபந்தனையில் எங்குமே வருவதில்லை. அவள் வேலைக்குப் போகலாமா என்பதை அவள் பார்த்தேயிராத ஒரு மேலாளர் தீர்மானிக்கிறார்.

இந்த விதியால் பயன் பெற்றவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பெண்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இந்தியாவில் பிறந்தவர்கள். அதற்கும் காரணம் உண்டு. வேலை அடிப்படையிலான நிரந்தரக் குடியிருப்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000. எந்த நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் பொதுவாகப் போகாது. மனைவியும் குழந்தைகளும் அந்தக் கணக்குக்குள்ளேயே அடக்கம். ஆக, வேலை செய்ய உரிமை இல்லாதவள் வரிசையில் மட்டும் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இந்தியர்களுக்கான வரிசை பல பத்தாண்டுகள் நீளம். தற்காலிகம் என்று சட்டம் சொல்லும் நிலை அவளுடைய இளமை முழுவதையும் எடுத்துக்கொள்கிறது.

திருமணம் முறிந்தால் எச்-4 நிலையும் முடிந்துவிடும். அமெரிக்கக் குடிமகனையோ நிரந்தரக் குடியிருப்பாளரையோ மணந்த பெண், கணவனின் வன்முறைக்கு ஆளானால், அவன் கையெழுத்து இல்லாமல் தானே மனுச் செய்யும் வழியை 1994ஆம் ஆண்டுச் சட்டம் திறந்தது. எச்-4 பெண்ணுக்கு அந்த வழி இல்லை, ஏனென்றால் அவள் கணவனே தற்காலிகமாக இருப்பவன். அவளைப் போன்றவர்களுக்கு வேலை அனுமதியாவது தரலாம் என்று அதே சட்டத்தின் 2005ஆம் ஆண்டுத் திருத்தம் சொன்னது. அதற்கு விண்ணப்பிக்கும் படிவம் நடைமுறைக்கு வந்தது 2017இல். இடையில் பல ஆண்டுகள் சட்டம் இருந்தது, படிவம் இல்லை.

இதை அயல்நாட்டு அரசின் கொடுமை என்று மட்டும் எழுதிவிட்டு நாம் நகர முடியாது. அந்த விசா நம் கல்யாணச் சந்தையின் அளவுக்குத் தைத்ததுபோலவே பொருந்துகிறது. பெண் படித்திருக்க வேண்டும், ஆனால் அவள் வேலை இரண்டாம்பட்சமாக இருக்க வேண்டும். அவள் புகுந்த இடத்துக்குப் போக வேண்டும். திரும்பி வருவது அவமானம் என்பதெல்லாம் நம்மிடம் விசாவுக்கு முன்பே இருந்த விதிகள். மாப்பிள்ளையின் சம்பளத்தையும் வீட்டையும் விசாரிக்கும் பெற்றோர், 'எங்கள் பெண் எந்த விசாவில் வருவாள்? அதில் வேலை பார்க்க முடியுமா?' என்று கேட்பது அரிது. அப்படிக் கேட்பவர்களில் சிலருக்கும் அது வரதட்சணைப் பேரத்தின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

மனைவியின் சட்ட நிலையைக் கணவனுக்குள் கரைத்துவிடுவது பழைய பழக்கம். 1907ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டப்படி, வெளிநாட்டவரை மணந்த அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையை இழந்தாள். கலிபோர்னியாவைச் சேர்ந்த எத்தல் மெக்கென்சி அதை எதிர்த்து வழக்காடி 1915இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். 1922இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டாலும், குடியுரிமை பெறத் தகுதியற்ற இனத்தவரை மணந்தவர்களுக்குப் பழைய தண்டனையே தொடர்ந்தது. அடுத்த ஆண்டே, இந்தியர்கள் அந்தத் தகுதியற்ற பட்டியலில் அடங்குவர் என்று பகத் சிங் திண்ட் வழக்கில் தீர்ப்பானது. இந்தியரை மணந்த அமெரிக்கப் பெண்கள் 1931 வரை அந்த விலையைக் கொடுத்தார்கள்.

நம் பக்கமும் கணக்கு உண்டு. வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்கு இந்தியக் குடியுரிமை தந்தை வழியாக மட்டுமே என்று 1955ஆம் ஆண்டுச் சட்டம் வைத்திருந்தது. தாய் வழியாகவும் என்று மாறியது 1992 டிசம்பரில். இலங்கையில் அந்த மாற்றம் 2003இல்தான் வந்தது. இன்றும், இந்தியரை மணந்த வெளிநாட்டவர் பெறும் ஓசிஐ அட்டை விவாகரத்தானால் ரத்தாகக்கூடியது. எச்-4க்காக அமெரிக்காவைக் குறை சொல்லும்போது இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

1979 ஜனவரியில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கினார் 35 வயது இந்திய ஆசிரியை ஒருவர். திருமணம் செய்துகொள்ள வந்திருந்தார். மூன்று மாதத்துக்குள் மணம் முடிக்க வரும் பெண்ணுக்கு முன்கூட்டிய நுழைவு அனுமதி தேவையில்லை. மனைவியாக வருபவருக்குத் தேவை. அவர் உண்மையில் 'மணமாகாதவர்' தானா என்று கண்டறிய அதிகாரிகள் அவரைக் கன்னித்தன்மைப் பரிசோதனைக்கு உட்படுத்தினார்கள். செய்தி நாளிதழில் வெளியானதும் பிரிட்டனிலிருந்த ஆசிய, கறுப்பினப் பெண்கள் அமைப்புகள் அந்த விமான நிலையத்திலேயே போராடின. அவர் ஒருவருக்கு மட்டும் நடந்ததல்ல அது. இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் தூதரகங்களிலேயே பல பெண்களுக்கு அது நடந்திருக்கிறது என்பதைப் பின்னாளில் ஆவணக் காப்பகங்கள் காட்டின. விசா வகை என்பது காகிதத்தில் மட்டும் இருப்பதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

'அப்படியானால் பெண் தன் பெயரிலேயே விசா வாங்கிப் போகட்டுமே' என்று கேட்கலாம். போகிறார்கள். அங்கே வேறொரு கதவு சாத்தப்படுகிறது. பிரிட்டனின் முதியோர், நோயாளிப் பராமரிப்புத் துறையில் பெண்களே பெரும்பான்மை. 2024 மார்ச் முதல் அந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் குடும்பத்தை அழைத்து வர முடியாது. 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து அந்த வேலைக்கு ஆள் எடுப்பதே நிறுத்தப்பட்டது. சிங்கப்பூரில் வீட்டு வேலை செய்யும் நம் ஊர்ப் பெண்ணுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை. அதில் கர்ப்பப் பரிசோதனையும் அடக்கம். கருவுற்றால் அங்கே தங்கிக் குழந்தை பெற முடியாது, ஊர் திரும்ப வேண்டும். அதே சிங்கப்பூரில், மாதம் 6,000 வெள்ளி சம்பாதிக்கும் நிபுணர் தன் மனைவியை அழைத்து வரலாம். ஆனால் அந்த மனைவி வேலை பார்க்க வேண்டுமென்றால் 2021 மே முதல் தனக்கென்று தனி வேலை அனுமதி பெற்றாக வேண்டும். மனைவியாகப் போனால் வேலைக்குத் தடை. வேலைக்காரியாகப் போனால் குடும்பத்துக்குத் தடை. ஒரு பெண்ணிடம் உழைப்பும் உறவும் சேர்ந்தே இருப்பதை இந்த அரசுகள் ஏற்க மறுக்கின்றன.

அனுப்பும் அரசுகளும் இதற்குச் சளைத்தவையல்ல. பத்தாம் வகுப்பு முடிக்காத, 30 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண் வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி பெற முடியாது. பாதுகாப்பு என்று இதற்குப் பெயர். வறுமையோ காத்திருக்காது, ஆகவே சுற்றுலா விசாவில் முகவர் அனுப்பிவைக்கிறார், பிறகு எந்தப் பதிவேட்டிலும் அவள் பெயர் இருப்பதில்லை. இலங்கை 2013இல் 'குடும்பப் பின்னணி அறிக்கை'யைக் கொண்டுவந்து, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள தாய்மார் வீட்டு வேலைக்கு வெளிநாடு செல்வதைத் தடுத்தது. தந்தையருக்கு அப்படி ஓர் அறிக்கை கேட்கப்படவில்லை. 2022இல் பொருளாதாரம் சரிந்து அந்நியச் செலாவணி தேவைப்பட்டபோது, அந்த ஐந்து வயது இரண்டாகக் குறைந்தது. குழந்தைக்குத் தாய் எத்தனை வயதுவரை தேவை என்பதை டாலர் தீர்மானித்தது.

என் வாதத்துக்கு ஒரு மறுப்பு உண்டு. அதில் நியாயமும் உண்டு. கணவனோடு போவதைப் பல பெண்கள் தாங்களாகவே தேர்ந்தெடுக்கிறார்கள். சாதியும் மாமியார் வீடும் ஊரின் கண்களும் கொடுக்காத மூச்சுவிடும் இடத்தை வெளிநாடு கொடுத்ததாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். செவிலியரான மனைவியைச் சார்ந்து போகும் கணவர்களும் இருக்கிறார்கள். இவர்களை நான் பரிதாபத்துக்குரியவர்களாகப் பார்க்கவில்லை. வேலை அனுமதிக்காக நாடாளுமன்ற உறுப்பினர்களைச் சந்தித்து, மனு எழுதி, தங்கள் கதையைப் பொதுவில் சொன்னவர்களே எச்-4 பெண்கள்தாம். என் கேள்வி சேர்ந்து போவதைப் பற்றியது அல்ல. சேர்ந்து போன இருவரில் ஒருவருடைய இருப்பு மட்டும் மற்றவரின் தயவில் தொங்குவது ஏன் என்பதைப் பற்றியது.

அப்படித் தொங்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதற்கு எடுத்துக்காட்டுகள் உள்ளன. கனடாவின் மதிப்பெண் முறையில் தம்பதியரில் யார் முதன்மை விண்ணப்பதாரர் என்பதை அவர்களே முடிவு செய்யலாம். நிரந்தரக் குடியிருப்பு இருவருக்கும் தனித்தனியாகக் கிடைக்கிறது; பிறகு பிரிந்தாலும் அதனாலேயே ஒருவருடையது போய்விடாது. அங்கேயும் 2012இல், கணவனோ மனைவியோ அழைத்து வந்தவர்களில் பலர் இரண்டாண்டு சேர்ந்து வாழ்ந்தாக வேண்டும் என்ற நிபந்தனை புகுந்தது. வன்முறையைச் சகித்திருக்கச் சொல்லும் விதி இது என்ற எதிர்ப்புக்குப் பின் 2017இல் நீக்கப்பட்டது. பிரிட்டனில் சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் போன்ற அமைப்புகளின் பல்லாண்டுப் போராட்டத்தால், வன்முறைக்கு ஆளான மனைவி கணவனை விட்டு வந்தாலும் அங்கேயே தங்கும் வழி 1999இல் சலுகையாகவும் 2002இல் விதியாகவும் வந்தது. இந்த விதிகள் பெண்கள் தள்ளியபோது நகர்ந்திருக்கின்றன.

ஆகவே, வழிகாட்டி நூலின் கடைசிப் பத்தியை முதல் பத்தியாக்கிப் படிக்கும்படி மாணவிகளுக்குச் சொல்வேன். எந்த நாடு என்பதற்கு முன் கேட்க வேண்டியவை இவை: இந்த விசா யார் பெயரில்? இதில் நான் வேலை பார்க்கலாமா, அதற்கு யாருடைய மனு தேவை? மணமுறிவோ மரணமோ நேர்ந்தால் எத்தனை நாளில் நான் வெளியேற வேண்டும்? என் குழந்தைக்கு 21 வயதானால் என்ன ஆகும்? இருவரில் என் பெயரில் விண்ணப்பித்தால் என்ன கிடைக்கும்? பாஸ்போர்ட்டும் பட்டச் சான்றிதழ்களும் விசா ஆவணங்களின் நகல்களும் அவளிடமே இருக்க வேண்டும். ஒரு பிரதி அவள் நம்பும் இன்னொருவரிடம் இருக்க வேண்டும். பெண் பார்க்க வருகிற அன்று இந்தக் கேள்விகளைக் கேட்டால் 'ரொம்பப் பேசுகிற பெண்' என்று பெயர் வரும். வரட்டும். அங்கே பேசாமல் விட்டால், பிறகு அவள் சார்பில் பேசப்போவது படிவத்தில் உள்ள அந்த ஒற்றைச் சொல்தான்.