ப்ரோட்டியஸைப் பிடிப்பது

'ப்ரோட்டியன்' என்ற அடைமொழி ஆங்கில விமர்சனத்தில் இன்று பெரும்பாலும் பாராட்டாகவே புழங்குகிறது. வேஷத்துக்கு வேஷம் மாறும் நடிகன், பாணிக்குப் பாணி தாவும் ஓவியன் எல்லோருக்கும் இதே மாலை. மாறுகிறான், ஆகவே பெரியவன் என்பது இதன் தர்க்கம். எனக்கு இது ஒப்புதல் இல்லை. சொல்லின் பிறப்பே இதற்கு எதிர்சாட்சி.

ஹோமரின் 'ஒடிஸி' நான்காம் காண்டத்தில் வரும் ப்ரோட்டியஸ் எல்லாம் அறிந்த கடல் கிழவன். ஊர் திரும்ப வழியின்றி எகிப்தை ஒட்டிய ஃபாரோஸ் தீவில் தங்கிப்போன மெனலாஸ், மூன்று தோழர்களோடு கடல்நாய்த் தோலுக்குள் ஒளிந்திருந்து அவனைப் பிடிக்கிறான். கிழவன் சிங்கமாகிறான், பாம்பாகிறான். சிறுத்தை, பன்றி, நீர், மரம். பிடி தளரவில்லை. களைத்துச் சொந்த உருவுக்கு வந்த பிறகே பேசுகிறான். ஆக, அவன் உருமாறியது ஆற்றலைக் காட்ட அல்ல. பதில் சொல்லாமல் தப்பிக்க.

ஷேக்ஸ்பியர் 'வெரோனாவின் இரு கனவான்கள்' நாடகத்தில் காதலிக்கும் நண்பனுக்கும் துரோகம் செய்பவனுக்கு வைத்த பெயர் ப்ரோட்டியஸ். 20ஆம் நூற்றாண்டில் காற்று திசை மாறுகிறது. 1968இல் ராபர்ட் ஜே லிஃப்டன், வரலாற்றின் உலுக்கலில் சுயத்தை மாற்றி மாற்றி வாழும் மனிதனை 'ப்ரோட்டியன் மனிதன்' என்றார். 1976இல் டக்ளஸ் ஹால் சொல்லை உத்தியோக வாழ்க்கைக்குக் கொண்டுபோனார். வளைந்துகொடுப்பது தகுதியாயிற்று. கதையின் இன்னொரு ஆள், பிடித்துக்கொண்டிருந்தவன், சொல்லிலிருந்து காணாமல் போனான்.

அவன்தான் விமர்சகன் என்பது என் கட்சி. இத்தனை உருவங்களுக்கு அடியில் படைப்பாளி எதைச் சொல்லாமல் நழுவுகிறான் என்று கேட்க வேண்டியவன். எல்லா மாற்றமும் நழுவல் அல்ல. நீலக் காலத்திலிருந்து 1937இன் 'கெர்னிகா' வரை பிக்காஸோவின் பாணி மாறியது; வதைபடும் உடல் பற்றிய கேள்வி மாறவில்லை. பிடித்துப் பார்த்தால்தான் இது தெரியும். உருவங்களை எண்ணினால் தெரியாது. தமிழில் 'பன்முக' என்று பெயர்த்தாலும் முகங்களை எண்ணுவதோடு காரியம் முடிந்துவிடுகிறது.

ஒரு மறுப்பு உண்டு. கட்டினால்தான் ப்ரோட்டியஸ் உண்மை பேசுவான், உண்மையைக் கட்டினாலோ அது தன் முகத்தையே மறைத்துக்கொள்ளும் என்று 1644இல் 'அரியோபஜிடிகா'வில் மில்டன் வாதிட்டார். கோட்பாட்டுக் கயிற்றோடு வருகிறவர்களுக்கு இது சரியான பதில். ஆனால் விலங்கு பூட்டியது வர்ஜிலின் அரிஸ்டேயஸ். ஹோமரின் மெனலாஸ் வெறும் கையால்தான் பிடித்தான். சிங்கத்தின் மூச்சு அவன் முகத்தில் பட்டிருக்கும். அவ்வளவு அருகில் போகாமல் எழுதப்படும் பாராட்டை நான் விமர்சனம் என்று சொல்லமாட்டேன்.