ஊர் தேடிய கொலைகாரன்

கொலைக்கதை என்றாலே முகஞ்சுளிப்போர் உண்டு. இலக்கியத்துக்கும் அதற்கும் என்ன உறவு என்று கேட்பர். 2013ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இங்கிலாந்தின் ஐடிவி ஒளிபரப்பத் தொடங்கிய ‘பிராட்சர்ச்’ தொடரின் முதற்பருவத்தை, எட்டுப் பகுதிகளையும், கண்டு முடித்த நாம் அந்தக் கூற்றை ஏற்பதற்கில்லை.

கடலோரச் சிற்றூர். டார்செட் கரையின் செங்குத்துப் பாறை. அதனடியில் 11 வயதுச் சிறுவன் டேனியின் உடல். கொன்றவன் யார்? கிறிஸ் சிப்னல் எழுதிய இக்கதையில், அந்தக் கேள்விக்குப் பின்னால் அதனினும் கூரிய கேள்வியொன்று நிற்கிறது. ஒருவரையொருவர் அறிந்த ஊர், உற்றார்போல் வாழும் ஊர் என்று பெருமை பேசுகிறார்களே, அந்த ஊருக்குத் தன்னைப்பற்றித் தெரிந்ததுதான் என்ன?

ஊரார் பாய்ந்தது ஜாக் மார்ஷல்மீது. செய்தித்தாள் விற்கும் கிழவர், தனியர், மகனை விபத்திலே பறிகொடுத்தவர். வயது நிரம்பாத பெண்ணுடன் கொண்ட உறவுக்காக முன்னொரு காலத்தில் சிறை சென்றவர். பின்னர் அவளையே மணந்தவர். பத்திரிகைகள் பழங்கதையைக் கிளறின. போதாதா? கூட்டம் திரண்டது. சான்று கேட்டாரில்லை, சாட்சி கேட்டாரில்லை. மகனை இழந்த தந்தை மார்க்கே குறுக்கே நின்று தடுக்க வேண்டியதாயிற்று! பின்னர் அதே கடற்கரையில் கிழவரின் பிணம் கிடந்தது. காவலரும் அவரை ஐயுற்றனர்தாம். ஆனால் அவர்களிடம் ஐயத்தைச் சோதிக்க ஒரு முறை இருந்தது. கூட்டத்திடம் இருந்தது கோபம் ஒன்றே.

(முடிவை முன்னரே அறிய விரும்பாத தோழர்கள் இத்துடன் ஏட்டை மூடிவிடலாம்.)

கொன்றவன் ஜோ மில்லர். வழக்கைத் துப்பறியும் எல்லியின் கணவன்! குழந்தைகளைப் பேணி வீட்டோடிருக்கும் சாது. ஊரில் அனைவரையும் தனக்குத் தெரியும் என்பது எல்லியின் நம்பிக்கை. எவரையும் நம்பாதே என்பது வெளியூரிலிருந்து வந்த ஆய்வாளர் ஹார்டியின் பாடம். இடையில் சூசன் என்பாளை எல்லி விசாரிக்கிறாள். சூசனின் கணவன் பெற்ற மகளையே சீரழித்தவன். உன் வீட்டில் நடந்தது உனக்கெப்படித் தெரியாமற்போகும் என்று அருவருப்போடு கேட்கிறாள் எல்லி. இறுதியில் டேனியின் தாய் பெத் அதே கேள்வியை எல்லியிடமே வீசுகிறாள். விடையில்லை. எல்லியாக நடித்த ஒலிவியா கோல்மனின் முகம், அந்த ஒரு கணத்தில், குடும்பம் என்ற சொல்லின்மீது நாம் போர்த்தி வைத்திருக்கும் பட்டாடை முழுவதையும் உரித்துவிடுகிறது. 2014இல் அவருக்கு பாஃப்டா விருது கிடைத்ததில் வியப்பில்லை.

இத்துணை சிறந்த ஆக்கத்தில் ஒரு கறை. தொலைபேசிப் பணியாளன் ஸ்டீவ் கானலி, செத்தவர் தன்னிடம் பேசுவதாகச் சொல்லிக்கொண்டு வருகிறான். கொன்றவன் உமக்கு நன்கு தெரிந்தவன் என்று பெத்திடம் சொல்கிறான். சின்னஞ்சிறு ஊரில் இதைச் சொல்லச் செத்தவர் எதற்கு? நம்மூர்க் குறிசொல்லி சொல்லமாட்டாளா? அதுவரை சரி. ஆனால் ஹார்டியின் பழைய வழக்கில் காணாமற்போன பதக்கத்தையும் அவன் குறிப்பிடுகிறான். அது ஊகத்தில் அகப்படும் செய்தியன்று. சான்றே முடிவு என்று எட்டு வாரம் நடந்த கதை, இவனுக்கு அச்செய்தி எவ்வழி வந்ததென்று கேட்கவேண்டாமா? ஹார்டி சினந்து அவனை விரட்டுகிறார், கதையாசிரியரோ விரட்டவில்லை. முதற்பருவம் முடிகிறது, பதக்கத்துக்கு விளக்கம் வரவேயில்லை.